கல்யாண டின்னில் கடைசித் துண்டு

மாட்ரின் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றால், அந்தக் காலத்தில் வேல்ஸ்காரர்கள் கடல்கடந்து வந்து குடியேறிய கைமான் ஊரின் தேநீர் விடுதிகள் எல்லாம் அடுப்பு மூட்டிவிடும். மெய்னிரும் மூட்டினாள். கணவன் ஆல்ட்வினை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் கதவைச் சாத்தினா குடியா முழுகிடும் அண்ணி?" என்றாள் நாத்தனார் தெலியா.

"சாத்திட்டு என்ன பண்றது? ரொட்டி கருகுது பாரு."

அழுகை வரவில்லை. கை தன்பாட்டுக்கு வெண்ணெய் தடவியது. மனதில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள். கல்யாணத்துக் கறுப்புக் கேக்கின் மேலடுக்கை டின்னில் மூடி வைத்து, வருஷத்துக்கு ஒரு துண்டாகப் புருஷனும் பெண்டாட்டியும் பிட்டுத் தின்பது அவர்கள் வழக்கம். பழமும் ரம்மும் ஊறிய கேக், கெடாது. கடைசித் துண்டு அலமாரி மேல் இருந்தது. தனியாகத் தின்பதா, கல்லறையில் வைப்பதா, தெரியவில்லை. ஞாயிறு வரட்டும் என்றிருந்தாள்.

கப்பல் பயணிகளோடு பேருந்து வந்து கூடம் நிறைந்தது.

"வேல்ஸ் பாட்டு உண்டுன்னு டிக்கெட்லயே போட்டிருக்கும்மா," என்றான் வழிகாட்டி ரூபென்.

"போட்டவன் நீதானே, நீயே பாடு," என்றாள் தெலியா.

மெய்னிர் தேநீர் ஊற்றிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள். மேசை மேல் டின் காலியாக இருந்தது.

"இதுல இருந்தது எங்கே?"

"ரெண்டு பேர் கூட வந்துட்டாங்க அண்ணி, கேக் பத்தல. எல்லாக் கேக்கும் டின்னுலதானே இருக்கும்னு எடுத்தேன். கல்லாட்டம் இருந்துச்சு, ரெண்டா வெட்டி வச்சேன்." தெலியா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ. அண்ணி, அது…"

"விடு. எந்த மேசை?"

"ஜன்னலோரம்."

ஜன்னலோரம் ஒரு வயதான தம்பதி. கிழவர் தன் பாதியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அந்த அம்மாளின் தட்டில் அடுத்த பாதி அப்படியே இருந்தது.

"இது எத்தனை நாள் கேக்குன்னு கேக்குறாங்க," என்றான் ரூபென்.

"முப்பத்தெட்டு வருஷம்."

அவன் மொழிபெயர்த்தான். மேசையே சிரித்தது.

"நல்லா ஜோக் அடிக்கிறீங்களாம். அந்தம்மாவுக்குப் பல்லு சரியில்லையாம், எடுத்துக்கச் சொல்றாங்க."

மெய்னிர் எடுத்துக்கொண்டாள். விருந்தாளிகள் முன்னால் அவள் எதையும் வாயில் வைத்ததில்லை. நின்றபடியே போட்டுக்கொண்டாள். எதிரே கிழவர் மென்றார், அவளும் மென்றாள். அவர் தலையாட்டினார், நன்றாயிருக்கிறது என்று. அவளுக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை. விழுங்குவதற்கு நேரம் பிடித்தது.

"இன்னும் டீ வேணுமான்னு கேளு," என்றாள் ரூபெனிடம்.