பொடிமீன் சாறு

முத்துலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார், கோவில் கூட்டங்களில் பின்வரிசையிலேயே அமர்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தேடுவோர் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரைக்குத்தான் போகவேண்டும். அவர் பிடிப்பது பெரிய கெண்டை. தூண்டிலின் மிதப்புக்கட்டை அமிழ்ந்த கணத்திலேயே மணிக்கட்டைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டுவார். மீனின் தடித்த வாயில் தூண்டில் முள் ஆழமாக ஏறிவிடும். அந்த வெட்டுக்காகவே தோட்டத்து மேற்பிரிவு லயன் வரிசை வீடுகளின் ஆட்கள் அவருக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பதுண்டு. பொடிமீன்களை அவர் மீனாகவே மதித்ததில்லை.

மாசி மாதத்தில் அவருடைய மனைவி வீரம்மாவுக்குத் தொண்டையில் புற்று என்று தெரியவந்தது. கொழும்பிலே சிகிச்சை முடிந்தபின், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். கஞ்சித்தண்ணீர் மட்டும் சிறிது சிறிதாக இறங்கியது. உடம்புக்குத் தெம்பாகட்டும் என்று அவர் கெண்டையை அவித்து, துணியில் வடித்து, சாறாகக் கொண்டுவந்து கரண்டியில் கொடுத்தார். வீரம்மா ஒரு வாய் வாங்கி, துப்பிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சேத்து நாத்தம் அடிக்குதுங்க. ஓடை வந்து விழுற எடத்துல பொடிமீன் ஓடுமே, அதுன்னா குடிப்பேன்.”

பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாய்திறந்து கேட்ட ஒன்று அது. மறுநாள் காலையே அவர் மெல்லிய நூலும், கொசுவின் காலைப் போன்ற முள்ளும் வாங்கிக்கொண்டு ஓடைமுகத்துக்குப் போனார். பாண் ரொட்டித் துணுக்கை முள்ளில் கோத்து எறிந்தார். கட்டை இலேசாக அசைந்து அமிழ்ந்தது. அவர் நினைக்கும் முன்பே கை வெட்டிவிட்டது. நூல் காற்றில் துள்ளி வந்து தோளில் விழுந்தபோது, முள்ளின் நுனியில் வெள்ளைத் தோல் ஒரு துணுக்கு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மீனின் வாய் அத்தனை மெல்லியது. அடுத்ததும் அப்படியே போயிற்று. அதற்கடுத்ததும்.

ஓட்டோ ஓட்டும் கணேசமூர்த்தி, அவரோடு தூண்டில் போட்டுப் பழகியவன், சவாரி இல்லாத நேரத்தில் வந்து பக்கத்தில் குந்தினான்.

“அண்ணே, மீன வுட்டுட்டு ஒதட்ட மட்டும் புடிக்கிறீங்களே. அண்ணிக்கு ஒதட்டுக் கறியா வைக்கப் போறீங்க?”

“சும்மா இருடா. கை கேக்க மாட்டேங்குது.”

“கெண்டைக்கு வெட்டுற வெட்ட இதுக்கு வெட்டுனா? கட்ட அமுங்குனாலும் பேசாம இருங்க. அதுபாட்டுக்குத் திங்கட்டும். அப்புறம், தொட்டில்ல தூங்குற புள்ளையத் தூக்குற மாதிரி தூக்குங்க.”

அவன் சொன்னது முத்துலிங்கத்துக்கும் தெரிந்ததுதான். ஆனால், அறிவு சொல்லிமுடிக்கும்வரை மணிக்கட்டு காத்திருக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் விடிந்ததும் போய், மதியம் வெறும் வாளியோடு திரும்பினார். வீரம்மா கட்டிலில் கிடந்தபடி வாளியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். சேலைக்குள்ளே அவளுடைய உடம்பு நாளுக்குநாள் இல்லாமற்போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்று முள்ளைக் கழுவும்போது, உதடு கிழிந்த மீன்கள் இனி எப்படி இரை தின்னும் என்ற எண்ணம் அவருக்கு வரும். அதற்குமேல் நினைக்காமல் தலையை உதறிக்கொள்வார்.

ஒருநாள் தூண்டில் கோலை இடக்கைக்கு மாற்றிப் பிடித்தார். அந்தக் கை ஒருபோதும் கெண்டை பிடித்ததில்லை. அதற்கு வெட்டத் தெரியாது. கட்டை அமிழ்ந்தபோது அது திகைத்துப்போய் நின்றது. பிறகு தடுமாறித் தடுமாறி உயர்ந்தது. நூலின் நுனியில் விரல் நீளத்தில் ஒரு மீன் முழுதாகத் தொங்கிற்று. பக்கத்தில் குந்தியிருந்த கணேசமூர்த்தி வாளியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

ஒரு கைப்பிடி மீன் சேர்ந்ததும் வீடு திரும்பினார். தாமே ஆய்ந்து, மஞ்சளும் இஞ்சியும் தட்டிப்போட்டு அவித்து, இருமுறை வடித்து, ஆறவைத்துக் கரண்டியில் ஏந்தினார். வீரம்மா அதை வாயில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஒருமுறை எழும்பித் தாழ்ந்தது. பிறகு சாறு அவள் கடைவாய் வழியே வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அவர் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தார். அதுவும் வழிந்தது.

“இதுவும் நாத்தமா புள்ள?”

“இல்லங்க. நல்லாத்தான் இருக்கு.” அவள் நெடுநேரம் மூச்சுவாங்கினாள். “எறங்க மாட்டேங்குது. கெண்டையும் எறங்கல. கஞ்சித்தண்ணியும் முந்தாநாளோட நின்னுபோச்சு, ஒங்களுக்குத் தெரியாமத் துணியில துப்பிடுறேன்.”

“அப்ப நாத்தம்னு சொன்னியே?”

“நீங்க கரண்டிய வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னீங்க. எதையாச்சும் சொல்லணுமே. தண்ணிக்கரைக்குப் போனாலாச்சும் கொஞ்ச நேரம் இத மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

முத்துலிங்கம் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். அவர் கரைக்குப் போயிருந்த அத்தனை காலைகளிலும் இவள் இந்தக் கட்டிலில் தனியே எச்சிலை விழுங்க முயன்றுகொண்டிருந்திருக்கிறாள். கோப்பையில் சாறு மஞ்சளாக ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. வெளியே மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. அவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

“நாளைக்கு வெள்ளனயே போவீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“போகல. இங்கதான் இருப்பேன்,” என்றார்.