மைக்கேல்சாமி குதித்துக் காட்டினார்

"ஒண்ணு... ரெண்டு..." என்று பிரின்சி எண்ண, எழுபத்திரண்டு வயது மைக்கேல்சாமி பலகை மேல் குதித்துக்கொண்டிருந்தார். பலகை அரைச் சாண் உயரம்தான். ஆனால் நாலு மாதத்துக்கு முன்பு குளியலறையில் விழுந்து, பக்கத்து வீட்டு ராசு வந்து தூக்கும்வரை ஈரத்திலேயே கிடந்த மனுஷனுக்கு அதுவே சித்தன்னவாசல் குன்று. முப்பது வருஷம் ஆலங்குடி பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் தொத்திய கால்கள். "மெதுவா நடந்தா மட்டும் பத்தாதுங்கய்யா. தடுக்குனா காலு சட்டுனு ஊணணும். அதுக்குத்தான் இந்தக் குதி" என்பாள் பிசியோதெரபி கொடுக்க வரும் பிரின்சி.

எதிர்வீட்டில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். திருப்பூரிலிருக்கும் மகன் அமல்ராஜ் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தான்: "ஒங்கள இப்புடித் தனியா விட முடியாதுப்பா. மொதல்ல நல்லா எந்திரிச்சு நடமாடுங்க, பெறகு பேசிக்கலாம்." நடமாடினால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று இவராக அர்த்தம் பண்ணிக்கொண்டார். மனைவி சந்தனமேரி கண்மூடிய ஆவூர் வீடு இது. தன் கட்டையும் இங்கேயே சாய வேண்டும். அந்த ஒரே ஆசையில்தான் முட்டி வலிக்க வலிக்கக் குதித்தார். பிரின்சியை ஏற்பாடு செய்த மகனைப் பற்றிக் கோயிலில் பெருமையடித்தும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அமல்ராஜ் தன் மனைவி ஜாஸ்பினோடும், கையில் ஃபைல் வைத்திருந்த ஓர் அம்மாளோடும் வந்தான். டாக்டரம்மா என்று நினைத்தார் பெரியவர். "கையூணாம எந்திரிப்பீங்களாய்யா?" என்று அந்த அம்மாள் கேட்டதுதான் தாமதம், நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தார். கேட்காமலே பலகையை இழுத்துப் போட்டு எட்டுத் தடவை குதித்தும் காட்டினார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"போதுங்கய்யா, உக்காருங்க" என்ற அம்மாள் அமல்ராஜ் பக்கம் திரும்பினார். "படுத்த படுக்கையா இருக்கவங்கள எங்க முதியோர் இல்லத்துல எடுக்குறதில்ல தம்பி. ஐயா தன் வேலைய தானே பாத்துக்குவாரு. நாளைக்கே கூட்டியாங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது மைக்கேல்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுக்குத்தானாடா குதிக்க விட்ட?"

அமல்ராஜ் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான். "நீங்க படுக்கையில கெடந்தப்பவே இவங்ககிட்ட கேட்டேன்ப்பா. எடுக்க மாட்டேன்னுட்டாங்க. எந்திரிச்சு மேசைக்கு வாங்க, ஒரு கையெழுத்துப் போடணும்."

மைக்கேல்சாமி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். "முடியலடா. என்னால எந்திரிக்க முடியல."

ஜாஸ்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போங்க மாமா, வெளையாடிக்கிட்டு." அந்த அம்மாளும் சிரித்தார்.

அவர் பிடியை விடவில்லை. அமல்ராஜ் மேசையை அவர் பக்கமாக இழுத்து வந்தான்.