தலைவரின் தாய்க்கு ஒரு முகம்

நான் வரையும் படத்தில் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு இன்னும் முகம் இல்லை, சேலை இருக்கிறது, புகை இருக்கிறது, அருகே பின்னாளில் தேசத் தலைவராகப் போகிற சிறுவன் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறான், தலைவருடைய தாயைப் போட்டோ எடுத்தவர் எவருமில்லை, நீங்களே ஒரு முகம் போட்டுருங்க, குழந்தைங்க புத்தகந்தானே, என்று பதிப்பாளர் பொன்னம்பலம் சொல்லிவிட்டார், தூரிகையை நனைத்ததும் என் கை தானாகச் செண்பகவல்லிச் சித்தியை வரையத் தொடங்குகிறது, அம்மா இறந்த மறுவருடம் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுச் சாத்தூர் வீட்டுக்கு வந்தவள், நல்ல கறுப்பு, அகன்ற நெற்றி, சற்றே எடுப்பான பல், அந்தத் தீபாவளிக்குத்தான் என் வலதுகையிலேயே வெடி வெடித்தது, புண் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை, வலித்தாலும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர், நான் அலறுகிறேன், சித்தி என் விரல்களுக்கிடையில் அடுப்புக்கரியைச் செருகி, அழுதுக்கிட்டே வரைடா ராசா, செவுரு பூரா ஒனக்குத்தான், என்கிறாள், போன வாரந்தானடி வெள்ளையடிச்சேன் என்று அப்பா கத்துகிறார், மறுபடி நான் அடிச்சுக்கிறேன், நீங்க போங்க, என்கிறாள், யானை வரைகிறேன், ரயில் வரைகிறேன், சுவர் கறுக்கக் கறுக்க விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன.

படங்களைப் பார்த்த பொன்னம்பலம், தலைவரோட அம்மா இல்லீங்களா, கொஞ்சம் செவப்பா, லட்சணமா, என்று இழுத்தார், முகத்த மாத்தணும்னா வேற ஆளு பாத்துக்குங்க சார், என்று நான் படங்களைச் சுருட்டத் தொடங்கினேன், கையில் வேறு வேலையும் இல்லை, அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார், மீண்டும் விரித்துப் பார்த்தார், எங்கம்மாவும் கறுப்புதான், இருக்கட்டும் தம்பி, என்றார்.

முதல் பிரதியைச் சித்தியின் மடியில் வைக்கிறேன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்புகிறாள், தலைவர் படிக்கிறார், சிறைக்குப் போகிறார், கொடியேற்றுகிறார், அவளோ தாய் வருகிற பக்கங்களில்தான் நின்றுவிடுகிறாள், யாருடா இது, எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே, என்கிறாள், புண்ணியவதி, இவ வயித்துல பொறந்தவன் பெரியாளா வராம என்ன செய்வான், என்றாள், வயித்துல பொறந்தாத்தானா சித்தி, என்றேன், அவள் சட்டென்று நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, போடா, நான் இம்புட்டு அழகாவா இருக்கேன், என்றாள்.