ஏழாவது கட்டம்

குழந்தைகள் இல்லத்தில் வாராவாரம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஏழாவது கட்டம்: 'குழந்தை நம்பும் பெரியவர் யார்?' வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமியின் படிவத்தில் ஆறு மாதமாக அங்கே 'யாரும் இல்லை' என்றே இருந்தது. எழுதியவள் பராமரிப்பாளர். எழுதியது பச்சைப் பொய்.

பதினோரு வயது வாயாடி பராமரிப்பாளரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள். துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணவென்று பேசுவாள். மற்றவர்கள் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். கேலிக்குத்தான் அந்தப் பட்டப்பெயர். பராமரிப்பாளரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள்; கெட்ட கனவு கண்டால்கூட, சொல்ல அந்த அக்கா வேலைக்கு வரும்வரை காத்திருப்பாள். பராமரிப்பாளருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். ஆனால் பயிற்சி வகுப்பில் 'தொழில்முறை எல்லை' பற்றி, குழந்தைகளோடு அளவுக்கு மேல் ஒட்டக்கூடாது என்று, மூன்று நாள் பாடம் எடுத்திருந்தார்கள். நெருக்கம்தான் குழந்தையைத் தேற்றும் என்றும் அதே வகுப்பில் சொன்னார்கள். அது மட்டும் இவள் காதில் ஏறவில்லை. எல்லை மீறினாள் என்று உடன் வேலை பார்த்த ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருந்தாள். நமக்கேன் வம்பு என்று எழுதித் தொலைத்தாள்.

ஆய்வுக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் படிவங்களைப் புரட்டினார். "இந்தப் பொண்ணு இங்க யார்கிட்டயும் ஒட்டவே இல்ல. வேற இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்கு, அனுப்பிப் பார்க்கலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

பராமரிப்பாளர் வாயைத் திறந்தாள். சொன்னால் ஆறு மாதப் பொய் அம்பலமாகிவிடும். மென்று விழுங்கினாள்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அறைக்கே போய்க் கொட்டிவிட்டாள்.

"சார், அந்தக் கட்டத்துல என் பேருதான் வந்திருக்கணும்."

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா," என்றார். "உத்தரவு போயாச்சு. வண்டியும் கிளம்பிடுச்சு."

படுக்கையறையில் வாயாடி பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பராமரிப்பாளர் குனிந்து அதை இழுத்து மூடினாள்.

"அக்கா, நான் வேணாம்னு நீங்க சொன்னீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லடா!"

"அப்போ, இங்கயே இருக்கட்டும்னு சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. இன்னொரு பொய்யை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நான் ஒண்ணுமே சொல்லலடா," என்றாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. பராமரிப்பாளர் பையை எடுக்கப் போனாள்.

"விடுங்க மேடம்," என்றாள் வாயாடி. "நானே தூக்கிக்கிறேன்."