வாஷ்பேசினில் ஊற்றிய மருந்துத் தண்ணீர்

ராயபுரத்தில் பாஸ்கல் வீட்டில் அன்று நாங்கள் நாலு பேர். பாஸ்கல் கட்டிலில், வீங்கிய வயிற்றுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து. அவர் மனைவி எல்சி சமையற்கட்டு வாசற்படியில். மகள் ரேச்சல் ஜன்னலோரம், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த சுப்பராயனாகிய நான் ஸ்டூலில், மடியில் பேப்பர். 2001, ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம்.

ஸ்கேன் டாக்டர் தேவகிருபை அனுப்பிய கடிதத்தை வாசித்தேன். குடலை மூடியிருக்கிற சவ்வு தடித்த மாதிரி தெரிகிறதாம். பாஸ்கல் வருஷக்கணக்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மூட்டை இறக்கியவர். அதனால், அந்தச் சவ்வில் அபூர்வமாக வரும் புற்றுநோயோ என்று சந்தேகம். ஆனால் ஸ்கேனுக்கு முன் குடிக்கக் கொடுத்த மருந்துத் தண்ணீர் குடலில் வெள்ளையாகத் தெரிய வேண்டும், தெரியவில்லை. எது குடல், எது சவ்வு என்று பிரிக்க முடியவில்லை. முழுக்கக் குடித்தாரா? எழுத்தில் பதில் வந்தால், செவ்வாய்க்கிழமை வயிற்றைத் திறந்து சதை எடுப்பதா, முதலில் மறுபடி ஸ்கேனா என்று சர்ஜனிடம் பேசலாம்.

"குடிச்சாரே. காலி பாட்டில நாந்தானே வாங்கிப் போட்டேன்" என்றாள் எல்சி.

பாஸ்கல் சுவரைப் பார்த்தார்.

"யோவ், இன்னா?" என்றாள் எல்சி.

"அன்னிக்கு வெள்ளிக்கெயம."

"அதுக்கு?"

"ஒருசந்தி நோன்பு. சிலுவைப்பாதை முடியாம தண்ணி பல்லுல படுமா? வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்."

ரேச்சல் சிரித்துவிட்டாள். "அப்ப ஸ்கேன வாஷ்பேசினுக்கு எடுத்துருக்கணும்பா."

எல்சி சிரிக்கவில்லை. "சீக்காளிக்கு ஒருசந்தி கெடையாதுன்னு சாமியாரு பூசையில சொன்னாரே, காதுல வுழல?"

பாஸ்கல் என் பக்கம் திரும்பினார். "எழுதாத நைனா. இப்ப மங்கலா கீது. மறுபடி எடுத்தா தெளிவா தெரிஞ்சிடும்."

அவருக்கு என்ன பயம் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எல்சி எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தெரியாமயே வயித்தக் கீறுவாங்க. அது பரவால்லியா? ஒண்ணுமே இல்லன்னா?"

"கீதுன்னா?"

"கீதுன்னா கீது. நான் இங்கதானே கீறேன்."

பாஸ்கல் என் மடியிலிருந்த பேப்பரைக் காட்டினார். "சரி, எழுது. ஒருசந்தின்னு எழுது. ஏமாத்துனேன்னு எழுதாத."

"மறுபடி ஸ்கேன் வெக்கச் சொல்லுண்ணே" என்றாள் எல்சி. "வெள்ளிக்கெயம மட்டும் வேணாம்."

அப்படியே எழுதி வாசித்துக் காட்டினேன். பாஸ்கல் கையெழுத்துப் போட்டார். எல்சி தந்த சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினேன். ரேச்சல் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.