ரோஸ்மேரி இறந்துவிட்டதாக நான் சொன்ன பொய்

1

இந்தக் கதை எனக்குப் போனில் வந்தது. கற்பனையில் உதித்தது என்று பெருமையடிக்க ஆசைதான். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்ணாரப்பேட்டையில் என் லைனிங் துணிக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் அழைத்தான்.

"ரோஸ்மேரிய தெரியுமா சார்? ஆப்ல லோன் வாங்கிட்டு ரெண்டு மாசமா கட்டல. அவங்க போன்ல உங்க நம்பர் இருந்துச்சு."

ரோஸ்மேரி ராயபுரத்தில் தனியாக இருந்துகொண்டு ஜாக்கெட் தைப்பவர். பன்னிரண்டு வருடமாக என்னிடம்தான் லைனிங் வாங்குகிறார். "தெரியாது" என்றேன்.

(இந்த வரியை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். கதைசொல்லி முதல் பக்கத்திலேயே கோழையாக இருந்தால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் நடந்தது அதுதான்.)

2

வேறு தொடக்கம்: துறைமுகத்து கிரேன்கள் அந்தி வானத்தில் மெல்ல...

வேண்டாம். கிரேனுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?

3

அவன் விடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு. வெள்ளிக்கிழமை ரோஸ்மேரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு ரத்தம் கொதித்தது. பாத்திரம் தொல்லையானால் எழுதுகிறவன் செய்யும் சுலபமான வேலையைச் செய்தேன்.

"அந்தம்மா நேத்து இறந்துட்டாங்க. இனிமே கூப்பிடாதே."

ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி ஒரு டீயும் குடித்தேன்.

4

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது.) ராயபுரத்துக் கத்தோலிக்கர்களிடம் அன்பியம் என்று ஒன்று உண்டு. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் குழு. ரோஸ்மேரியின் அன்பியத்தில் இருபது குடும்பங்கள். அத்தனை பேருக்கும் அவன் ஏற்கெனவே போன் செய்து மானத்தை வாங்கியிருந்தான். அவமானத்தில் ரோஸ்மேரி போனை அணைத்துவிட்டு மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். எனக்கு இதெல்லாம் தெரியாது.

நான் சொன்னது உண்மையா என்று பார்க்க, அவன் மறுபடி இருபது பேரையும் அழைத்து விசாரித்தான். மூன்று நாளாகத் திறக்காத கதவு. அவர்கள் நம்பிவிட்டார்கள்.

5

அன்று மாலை ஷம்ஷாத் என்ற வாடிக்கைக்காரர் கடைக்கு வந்து, "பாய், ரோஸ்மேரி மௌத்தாயிட்டாங்களாம்" என்றார். என் பொய் மெய்யாகிவிட்டதோ என்று கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

வாசலில் கூட்டம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அன்பியத் தலைவர் ஜேக்கப், கையில் ரோஜா மாலையோடு கதவை இடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு ரோஸ்மேரி நின்றார்.

"இன்னா அண்ணே, மாலை யாருக்கு?"

ஜேக்கப் மாலையைப் பார்த்தார், ரோஸ்மேரியைப் பார்த்தார். "உனக்குத்தான் வாங்கினேன்."

நான் முன்னால் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தெரியாது என்று சொன்னதையும்தான்.

"நல்லா சாவடிச்ச பாய்" என்று சிரித்தவர், சிரிப்பு முடிவதற்குள் அழுதார். "எல்லாருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்திட்டான். எந்த மூஞ்சிய வச்சிகினு வெளிய வர்றது?"

"எனக்கு ஆறு தபா போட்டான்" என்றார் ஜேக்கப். "என் வூட்லயும்தான் கடன் கீது. இதுக்குப் போய் கதவ சாத்திப்பியா? நாங்க இன்னான்னு நெனச்சிகினு ஓடியாந்தோம் தெரியுமா?"

மாலையை மாதா படத்துக்குப் போட்டார்கள்.

6

முடிவு ஒன்று: அன்பியத்தார் பணம் திரட்டிக் கடனை அடைத்தார்கள். (அவ்வளவு பணம் யாரிடமும் இல்லை.)

முடிவு இரண்டு: வசூல்காரன் மனம் திருந்தி... (நானே நம்பவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். ரோஸ்மேரி எல்லோர் முன்னாலும் போனை உயிர்ப்பித்தார். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ரோஸ்மேரிதான் பேசறேன். உயிரோட கீறேன். மாசம் மூவாயிரம் கட்றேன், அதுக்கு மேல முடியாது. பேசறதுன்னா எங்கிட்ட பேசு. இனிமே வேற யாருக்காவது போன் போட்ட, இங்க கீற இருபது வூட்டு ஜனமும் என்கூட ஸ்டேஷனுக்கு வரும்."

அதற்கு அவன் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. கதை அவனோடு முடிவதில் எனக்கு விருப்பமில்லை.

ரோஸ்மேரியின் போனில் இன்னும் நிறைய எண்கள் இருக்கின்றன. உங்களுடையதும் இருக்கலாம். ஒருநாள் காலை தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் உங்களை அழைத்து, "ரோஸ்மேரிய தெரியுமா?" என்று கேட்பான். நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். உங்கள் பதிலுக்காக இந்த இடத்தை விட்டுவைக்கிறேன்: