சபாபதியின் மோட்டார்

வேலாயுதம் குளியலறைக் கதவைத் தாழிட்டு, சத்தம் வெளியே போகாதிருக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். கூடத்தில் அண்ணன் சபாபதி சவப்பெட்டிக்குள் படுத்திருந்தான். நேற்று ஷா ஆலம் தொழிற்சாலையில், டீ நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன். வயது முப்பத்தொன்று. மூன்று மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். அவனுடைய ரிமோட் காரும் கூடவே போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

போகட்டும். ஆனால் அதன் மோட்டார் சரியில்லை.

கெடுத்தவன் வேலாயுதம். மோட்டாரின் பின்மூடியில் இரண்டு திருகைத் தளர்த்தி, மூடியை மயிரிழை திருப்பினால் வேகம் ஏறும், சூடும் ஏறும். எதிர்ப்பக்கம் திருப்பினால் மாட்டுவண்டி. சபாபதி பல மாதம் காதுவைத்துக் கேட்டு, சரியான இடத்தைப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தான். போன ஞாயிறு, கிள்ளான் பாசார் கார் பார்க்கில் பந்தயத்துக்கு முன், தம்பி மூடியைத் திருப்பிவிட்டுக் கோட்டையும் எச்சில் விரலால் அழித்தான். கோப்பை தம்பிக்கு. அண்ணன் நான்கு நாள் பேட்டரியைத் திட்டினான். சனிக்கிழமை சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தான் வேலாயுதம். சபாபதி வியாழக்கிழமையே கிளம்பிவிட்டான்.

திருப்பினான். இறுக்கினான். பேட்டரியைச் செருகினான். ங்ஙீய்ய்ய். இது இல்லை. மறுபடி.

கதவு தட்டப்பட்டது. பெட்டிக்கார ரெங்கசாமி.

"தம்பி, உள்ள என்னா சத்தம்?"

"வயிறு சரியில்ல அண்ணே."

"வயித்துல இந்தச் சத்தம் வந்தா கிளினிக் போவணும் லா. சீக்கிரம் வா, வேன் வந்திருச்சி. கார்ல பேட்டரி இருந்தா கழட்டிடு, எரிக்கிற அடுப்புல வெடிக்கும்."

எட்டாவது தடவை சத்தம் மெலிந்து கூரானது. இதுதானா? கிட்டத்தட்ட. அடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் படுத்திருந்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தான். யாருடைய கார் வேனை மறிக்கிறது என்று வாசலில் சொந்தக்காரர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடா போன இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"அம்மா, போன வாரம் அண்ணன் மோட்டார நான்தான்..."

"வைடா முதல்ல."

அண்ணனின் வலக்கையை ஒட்டிக் காரை வைத்தான். அதை நேராக்கப் போன அம்மா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னாடா இப்படிச் சுடுது!"

அம்மா தன் கைக்குட்டையை நான்காக மடித்து, மோட்டாருக்கும் சபாபதியின் கைக்கும் நடுவில் செருகினாள். பிறகு மூடச் சொன்னாள்.